மாரிக்கு முன் ஒருமுறை கூரையைப் பாருங்கள்

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் வெறுமையானது. இலட்சக்கணக்கான மக்கள் மழையில் நனைந்தபடி தென்மராட்சியை நோக்கியும் வடமராட்சியை நோக்கியும் நடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் குடும்பமும் இருந்தது. நான் அப்போது பள்ளிக்கூடச் சிறுவன். வலிகாமம் வடக்கில் தோட்டம் செய்து வாழ்ந்து, 1990இல் இடம்பெயர்ந்து, இணுவிலில் இன்னொருவருடைய வீட்டில் குடியிருந்தவர்கள் நாங்கள்.

1996இன் நடுப்பகுதியில் திரும்பி வந்தோம். படலையைத் திறந்ததும் அம்மா உள்ளே ஓடப் பார்த்தார். ஐயா மறித்தார். "சாமான் என்ன போச்சு எண்டு பிறகு பாக்கலாம். முதல் மேல பாருங்கோ" என்றார். முகட்டுக்குக் கீழே நான்கு ஓடுகள் விலகியிருந்தன. அவ்வளவுதான். அந்த நான்கு ஓட்டின் வழியாக ஒரு மாரி முழுவதும் தண்ணீர் இறங்கியிருந்தது. சலாகை உளுத்து, கைமரம் கறுத்து, சுவரின் சாந்து பெயர்ந்து, கறையான் புற்று வளை வரை ஏறியிருந்தது. ஓர் அறையின் கூரை உள்ளே சரிந்து கிடந்தது. அந்த வீட்டின் மேல் குண்டு விழவில்லை, தீ வைக்கப்படவுமில்லை. ஆள் இல்லாத ஒரு மாரி அதனைச் செய்தது.

போரினால் இடிந்த வீடுகளைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பராமரிப்பு இல்லாமல் இடிந்த வீடுகளைப் பற்றிப் பேசுவது குறைவு. பல ஆண்டுகள் அலைந்தபின் ஒரு கூரையின் கீழ் ஒதுங்கியிருக்கும் குடும்பத்துக்கு அந்தக் கூரையைக் காப்பது சிறிய காரியமன்று. அது சொந்த வீடாகவும் இருக்கலாம், வீட்டுத்திட்டத்தில் கட்டியதாகவும் இருக்கலாம், பிறருடையதாகவும் இருக்கலாம். மழைக்கு எல்லாம் ஒன்றுதான்.

காற்றின் கணக்கு

தோட்டத்துக்குப் பருவம் இருப்பதுபோல வீட்டுக்கும் பருவம் உண்டு. யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. அதற்கு முன்னரான மாதங்களில் சோளகக் காற்று வீசுகிறது. சோளகம் கூரையைக் காயவைத்து, கட்டுகளைத் தளர்த்தி, ஓட்டை அசைத்துவிட்டுப் போகிறது. பின்னர் வரும் மாரி அந்த இடைவெளிகளால் உள்ளே வருகிறது. ஆகவே சோளகம் தொடங்குமுன் சித்திரையில் கட்டுகளை இறுக்குவதும், அது தணியும் ஆவணி, புரட்டாசியில் கூரையைத் திருத்துவதும், மழை ஓய்ந்த தையில் சுவரைக் கவனிப்பதும் பொருத்தமான ஒழுங்கு.

இந்த ஒழுங்கைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். 2008ஆம் ஆண்டு நிஷா புயலின்போது நவம்பர் 25ஆம் நாள் ஒரே நாளில் யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய 390 மில்லிமீற்றர் மழை பெய்தது. 2020 டிசம்பரில் புரெவி வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா நாடு முழுவதையும் உலுக்கியது. புயல் அறிவித்தலுக்குப் பின்னர் ஏணியைத் தேடுவது பயன் தராது.

ஓலைக் கூரை

பனையோலையால் ஒழுங்காக வேய்ந்த கூரை இரண்டு மூன்று ஆண்டுகள் தாங்கும். தென்னங்கிடுகு ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. முழுக் கூரையையும் ஒரேயடியாக மாற்ற வசதியில்லாதவர்கள் மழைக்காற்று மோதும் பக்கத்தையும் முகட்டையும் முதலில் மாற்றட்டும். மற்றப் பக்கத்தை அடுத்த ஆண்டு பார்க்கலாம். வேயும்போது தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கியே போகவேண்டும். மேல் வரிசை கீழ் வரிசையின் மேல் நன்றாக ஏறிக் கிடக்கவேண்டும். இடையில் திருத்துவதானால் புதிய ஓலையைப் பழையதின் மேல் போடாதீர்கள். மேல்வரிசையைச் சற்றுத் தூக்கி அதன் கீழே செருகுங்கள். சரிவு குறைந்த கூரையில் தண்ணீர் தங்கி ஓலை சீக்கிரம் மக்கும்.

தறப்பாளைப் பற்றியும் ஒரு சொல். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் ஓலையோடு ஒட்டியபடி மாதக்கணக்கில் விரித்துவிட்டால் கீழே வேர்த்து ஓலை அழுகும். வெயிலில் தறப்பாளும் நார்நாராகப் போகும். இரண்டுக்கும் நடுவே தடி வைத்துக் காற்றோட்டம் விடுங்கள்.

கழற்றிய ஓலையை எரிக்கவேண்டாம். இணுவில் போன்ற செம்மண் ஊர்களில் நம் முன்னோர் பழைய கூரை ஓலையையும் வேலி ஓலையையும் தோட்டத்தில் தாழ்த்தார்கள். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் அது பசளையானது. மண்ணின் ஈரத்தையும் பிடித்து வைத்தது. வீட்டுக்குச் செய்த செலவில் ஒரு பங்கு தோட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

அடுக்களைப் புகையும் கூரைக்கு ஒரு காவல். புகை ஏறிய ஓலையையும் தடியையும் பூச்சி எளிதில் தீண்டாது. ஆளில்லா வீடு சீக்கிரம் கெடுவதற்கு அடுப்பு எரியாததும் ஒரு காரணம். ஆனால் அடுப்புக்கு நேர்மேலே உள்ள ஓலையில் ஒட்டடை தொங்கவிடாதீர்கள். அது தீயைப் பிடிக்கும்.

ஓட்டுக் கூரை

ஓட்டை எங்கே விலகியிருக்கிறது என்று அறிய இலகுவான வழி ஒன்றுண்டு. பகல் பன்னிரண்டு மணியளவில் கதவு யன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளே நின்று மேலே பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் தண்ணீர் வரும் இடம். மழை பெய்யும்போது ஒழுகினால், சொட்டு விழும் இடத்தை மாத்திரம் நம்பவேண்டாம். தண்ணீர் மேலே ஓரிடத்தில் புகுந்து, கைமரத்தின் வழியே வழிந்து, கீழே வேறோரிடத்தில் சொட்டும். மரத்தின் ஈரத்தடத்தைக் கரியால் குறித்து வையுங்கள். காய்ந்தபின் அந்தக் கோட்டைப் பிடித்து மேலே போனால் விலகிய ஓடு அகப்படும்.

எல்லா ஓடும் எல்லா ஓட்டோடும் பொருந்தாது. ஒவ்வொரு தொழிற்சாலை ஓட்டுக்கும் கொளுவும் பள்ளம் வேறு. வாங்கப் போகும்போது பழைய ஓடு ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். இடிந்த வீட்டில் எஞ்சிய நல்ல ஓடுகளை எறியாமல், நிழலில் நிமிர்த்தி அடுக்கி வையுங்கள்.

முகட்டோட்டுச் சாந்து வெடித்திருந்தால் அதற்குத் தனிச் சீமெந்து வேண்டாம். மணலோடு சுண்ணாம்பும் சிறிது சீமெந்தும் சேர்த்த கலவை வெயிலில் குறைவாக வெடிக்கும். நாற்சார் வீடுகளில் இரண்டு கூரை சந்திக்கும் பள்ளத்தில் பதித்த தகரத்தையும் பீலியையும் மறக்கவேண்டாம். அங்கே மாவிலையும் வேப்பஞ்சருகும் அடைத்தால் தண்ணீர் பொங்கி உள்ளே வரும். பீலியில் தேங்கும் தண்ணீரில் நுளம்பு பெருகும். மாரிகாலத்தில் டெங்குக் காய்ச்சல் பரவுவதற்கு இதுவும் ஒரு வழி.

தகரமும் சீற்றும்

தகரத்துக்கு ஆணி அடிக்கும்போது மேட்டில் அடியுங்கள்; பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் அந்த ஆணியைச் சுற்றியே இறங்கும். சன்னம் பட்ட துளைகள் உள்ள பழைய தகரங்கள் இன்றும் பல கொட்டில்களில் உண்டு. சிறிய துளையைத் துருவைச் சுரண்டிவிட்டு, தார் தோய்த்த துணியால் மூடலாம். காற்றுக்குப் பறக்காமலிருக்கக் கல்லைத் தூக்கி மேலே வைப்பதைத் தவிருங்கள். புயலில் அந்தக் கல் உங்கள் பிள்ளையின் மேல் விழக்கூடும். தகரம் பதித்த மரத்தைக் கம்பியால் தூணோடு முறுக்கிக் கட்டுவதே பாதுகாப்பு.

அஸ்பெஸ்ரஸ் சீற் போட்டவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். அந்தத் தூளை மூச்சோடு உள்ளே எடுத்தால் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் நுரையீரலில் புற்றுநோய் வரலாம். எல்லா வகை அஸ்பெஸ்ரசும் புற்றுநோயைத் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உடையாத சீற்றால் ஆபத்து குறைவு. அதை உலர்ந்த நிலையில் வெட்டுவதும், துளைப்பதும், கம்பித் தூரிகையால் பாசி சுரண்டுவதுமே கேடு. தொடவேண்டி வந்தால் நனைத்துவிட்டுத் தொடுங்கள். உடைந்த துண்டுகளை ஒழுங்கையில் பரப்பாதீர்கள், ஆழமாகப் புதையுங்கள். சீற்றின் மேல் நேரே கால் வைக்கவேண்டாம். கீழே மரமிருக்கும் வரிசையில் பலகை போட்டு அதன்மேல் நடவுங்கள். ஏணியை ஒருவர் பிடித்திருக்க, மற்றவர் ஏறட்டும்.

சுவரும் முற்றமும்

செம்மண் ஊரில் சுவரின் அடி சிவந்திருந்தால் மழைத்துளி மண்ணில் மோதிச் சுவரில் தெறிக்கிறது என்று அறியுங்கள். அந்த இடத்தில் சாந்து முதலில் பெயரும். தாழ்வாரத் தண்ணீர் விழும் வரியில் கூழாங்கல்லோ உடைந்த ஓட்டுத் துண்டோ பரப்பினால் தெறிப்பு நின்றுவிடும். சுவரோடு மண்ணையும் குப்பையையும் குவிக்கவேண்டாம். கறையானுக்கு அது படிக்கட்டு.

வெடிப்பில் ஆலோ அரசோ முளைத்திருந்தால் இரண்டிலைப் பருவத்தில் விரலால் பிடுங்கிவிடலாம். ஐந்து ஆண்டு விட்டால் சுவரை உடைத்துத்தான் எடுக்கவேண்டும். 2015 முதல் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்ட வலிகாமம் வடக்குக் காணிகளுக்குப் போனவர்கள் இதைக் கண்ணால் கண்டார்கள். பல வீடுகளில் சுவரை மரமே தாங்கி நின்றது.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். அதற்குச் சுண்ணாம்புப் பூச்சே உகந்தது. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் நம் வழக்கத்தில் அழகோடு பயனும் உண்டு. மழைக்குப்பின் வெடிப்புகள் கண்ணில் படும் காலம் அதுவே.

கூரைத் தண்ணீரை வீணாக்காமலும் இருக்கலாம். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகச் சுற்றாடல் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது தண்ணீரின் அருமையை நாம் அறிந்துகொண்டோம். 500 சதுர அடி கொண்ட ஓட்டுக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால், சிந்துவது போகவும் ஏறக்குறைய 900 லீற்றர் பிடிக்கலாம். முதல் மழைத் தண்ணீர் அழுக்கைக் கழுவி ஓடட்டும், அடுத்ததைப் பிடியுங்கள். தொட்டியை மூடி வையுங்கள்.

பிறர் வீட்டில் இருப்போர்

இதுவே பேசக் கடினமான பகுதி. இணுவிலிலும் அயலூர்களிலும் உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, இடம்பெயர்ந்த குடும்பம் காவலிருந்த வீடுகள் பல. கூரை ஒழுகும்போது யார் திருத்துவது? "என்னுடைய வீடில்லையே" என்று இருப்பவர் எண்ணுகிறார். "திருத்தவிட்டால் உரிமை கேட்பாரோ" என்று உரிமையாளர் அஞ்சுகிறார். இருவருக்கும் நடுவே வீடு நனைகிறது.

இந்த அச்சத்துக்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. நம் நாட்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, ஒருவர் பத்து ஆண்டுகள் உரிமையாளருக்கு எதிராகக் காணியை ஆண்டால் உரித்துக் கோரமுடியும். ஆனால் உரிமையாளரின் அனுமதியோடு இருப்பது அப்படிப்பட்ட ஆட்சியாகாது. போரினால் காணியை விட்டுப் போனவர்களின் உரிமையைக் காக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டமும் கொண்டுவரப்பட்டது. ஆகவே ஒரு கடிதம் போதும். "உங்கள் அனுமதியுடன் இருக்கிறேன், இந்தத் திருத்தத்தை இவ்வளவு செலவில் செய்கிறேன், இதை வாடகையில் கழிப்போம்" என்று எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, பற்றுச்சீட்டுகளோடு ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள். உரிமையாளரின் அச்சமும் நீங்கும். உங்கள் பணமும் வீணாகாது.

கூலிக்கு ஆள் பிடிக்க வசதியில்லாத இடத்தில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து சிரமதானமாகச் செய்யலாம். முதல் ஞாயிறு ஒரு வீடு, அடுத்த ஞாயிறு மற்ற வீடு. ஆண் துணையில்லாத குடும்பத்தின் வீட்டை முதலில் எடுங்கள். வெங்காயம் விற்ற காசில் ஒரு சிறு பங்கைக் கூரைக்கென்று ஒதுக்கி வைத்தால் புரட்டாசியில் கடன் கேட்டு அலையவேண்டி வராது.

1996இல் ஐயா அந்தக் கூரையைத் திருத்தினார். சரிந்த அறைக்குப் பனஞ்சலாகை போட்டார். அயலில் இடிந்து கிடந்த வீட்டுக்காரரைக் கேட்டு, அவரிடம் எஞ்சிய ஓடுகளை வாங்கி வேய்ந்தார். பிறர் வீட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டவர்களுக்கு, "நனையிறது என்ர பிள்ளையள்தானே" என்று மட்டும் சொன்னார். எங்கள் சொந்தக் காணி பல ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தபோது அங்கே அத்திவாரம் மாத்திரமே இருந்தது. இணுவில் வீடு இன்றும் நிற்கிறது. உரிமையாளரின் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து அதில் தங்குகிறார்கள்.

சோளகம் தணிந்ததும் ஏணியை எடுங்கள். இல்லாதவர்கள் அயலவரிடம் கேளுங்கள். அவருடைய கூரையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.