சிங்கர் டெய்லர் வீட்டில் ஒரு சிங்கர்

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிச் சுவர்களில் 'சிங்கர் டெய்லர் தேவை' என்று ஒட்டியிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் மேஜையில் ஜூக்கியோ, சீனத்து மெஷினோ நிற்கும். ஒற்றை ஊசியில் நேர்த்தையல் போடும் எந்த மெஷினுக்கும் இங்கே சிங்கர் என்றுதான் பெயர்.

குண்டடத்தில் என் சின்னம்மா அப்படி ஒரு சிங்கர் டெய்லர். காலையில் கம்பெனி வேன், ராத்திரி வீட்டில் ஜாக்கெட் தையல். வீட்டு மெஷின் போன வருஷம் படுத்துவிட்டது. உள்ளிருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துபோயிருந்தது. அந்தச் சக்கரம் மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை. பதிலுக்கு அவர் தேடி வாங்கியது தாராபுரத்துப் பழைய சாமான் கடையில் கிடந்த கறுப்பு சிங்கர் மிதி மெஷின். அதற்கு வயது எழுபதுக்குக் குறையாது. "போயும் போயும் இதையா?" என்று வீட்டில் சிரித்தார்கள்.

தையல் விழும் விதம் தெரிந்தால் சிரிக்கத் தோன்றாது. மெஷின் ஊசிக்குக் கண் முனையருகே இருக்கும். துணியைத் துளைத்து இறங்கிய ஊசி, திரும்பி ஏறத் தொடங்கி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வந்ததும் நூல் தளர்ந்து சின்னக் கண்ணியாகப் புடைக்கும். அந்த நொடியில் அடியில் உள்ள ஷட்டிலின் கூர்முனை வந்து கண்ணியைக் கொத்தி, அடி நூல் சுற்றிய பாபினைச் சுற்றி இழுத்துப்போகும். மேல் நூலும் அடி நூலும் பின்னிக்கொள்ளும். முனை இம்மி முந்தினாலும் பிந்தினாலும் தையல் விட்டுப்போகும். சின்னம்மாவின் பிளாஸ்டிக் சக்கரம் கெடுத்தது இந்த நேரக்கணக்கைத்தான்.

சின்னம்மா வாங்கியது போன்ற பழைய சிங்கர் 15 வகையில் அந்தக் கணக்கைக் காப்பது இரும்பும் எஃகும். தேய்ந்த ஷட்டிலைத் திருகு கழற்றி மாற்றலாம். உஷா உட்பட நம் ஊர்க் கறுப்பு மெஷின்கள் பலவும் இதே அச்சில் வந்தவை என்பதால் பாபினும் ஊசியும் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். அதற்கும் முந்தைய, படகு போன்ற நீள ஷட்டில் வைத்த மெஷினை மட்டும் யோசித்து வாங்க வேண்டும். அதன் பாபினுக்கு அலைய நேரும்.

வாங்குமுன் அடித்தட்டின் முன்விளிம்பைப் பாருங்கள். தங்கப்பூ வேலைப்பாடு அங்கே அழிந்திருந்தால் துணி உரசி உரசி நிறைய உழைத்த மெஷின். ஊசித்தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆடக்கூடாது. கைச்சக்கரம் இறுகியிருந்தால் பயமில்லை, பெரும்பாலும் பழைய எண்ணெய்ப் பிசுக்குதான். சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு, பிறகு மெஷின் ஆயில் போட்டால் இளகும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், மார்கழியில் உறைந்துவிடும். சிங்கர் மெஷினில் பொறித்த எண் ஆங்கில 'E' எழுத்தில் தொடங்கினால் அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில், பெரும்பாலும் 1940களிலோ 50களிலோ செய்தது. அந்த ஆலையே 1980இல் மூடப்பட்டுவிட்டது.

இயந்திரங்களைச் சந்தேகித்த காந்தி, 1924இல் பேசும்போது சிங்கர் மெஷினுக்கு விலக்குத் தந்தார். மனைவி கைவலிக்கத் தைப்பதைப் பார்த்து சிங்கர் அன்பால் செய்த கருவி என்றார். ஐசக் சிங்கரோ ஒரே காலத்தில் பல குடும்பம் நடத்தியவர். எந்த மனைவி என்று காந்தியிடம் யாரும் கேட்கவில்லை போலும்.

சின்னம்மாவின் மிதி மெஷினைக் கம்பெனிக்குக் கொண்டுபோக முடியாது. இதன் ஷட்டில் பாதிச் சுற்று போய்த் திரும்பி வரும்; திரும்புகிற ஒவ்வொரு முறையும் நின்று கிளம்புவதால் வேகம் ஏறாது. கம்பெனி மெஷினில் கொக்கி ஒரே திசையில் முழுச்சுற்று சுற்றுவதால் நிமிஷத்துக்கு 4,000 தையலைத் தாண்டும். பனியன் மூட்டவும் இது உதவாது. நேர்த்தையல் இழுபடாது, பின்னல் துணி இழுபடும். போட்டு இழுத்தால் நூல் பட்டென்று அறும். நூலை வளைத்து வளைத்துப் போடும் ஓவர்லாக்தான் அதற்குச் சரி.

ஜாக்கெட்டுக்கு இழுபட வேண்டியதில்லை. கரண்ட் போன ராத்திரியிலும் எமர்ஜென்சி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சின்னம்மா மிதிக்கிறார்.