மரத்துப்போன பாதம்: அன்றும் இன்றும்

உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம் என்ற அரசு விளம்பரத்தை எழுதாத ஊர்ச்சுவர் தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் அபூர்வம். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் தொழுநோய்ப் பணியாளர் வருவார். சட்டையைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தில் முதுகைத் திருப்பிப் பார்ப்பார். சந்தேகப்பட்டால் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் மெல்லத் தொடுவார். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். மருத்துவமனையில் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் நிரப்பித் தோலில் வைத்து, எது சுடுகிறது என்று கேட்பார்கள். பதில் தடுமாறினால் வீட்டார் முகம் மாறிவிடும்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. இரந்து திரிந்த தொழுநோயாளியைப் பிடித்து அடைக்க 1898-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. அது முழுமையாக நீக்கப்பட்டது 2016-இல்தான். நோய் சதையைத் தின்கிறது, விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றே ஊர் நம்பியது. 1873-இல் நார்வேயின் ஹான்சன் கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் அந்த நம்பிக்கை அசையவில்லை.

அதை அசைத்தவர்களில் முதன்மையானவர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர். விரல்கள் தாமாக விழுவதில்லை, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால் நோயாளியே அறியாமல் அவற்றைத் தேய்த்தும் சுட்டும் இழக்கிறார் என்று அவர் காட்டினார். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கினாலும் கை பின்வாங்காது. தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் விழிப்பு வராது. இதைக் கண்டறிந்து, நோயாளிகளோடு பூனைகளை வளர்க்கச் செய்தார்கள். வெறுங்காலில் நடந்து புண்ணானவர்களுக்கு எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பரில் செருப்பு தைத்தார்கள். வலி என்பது உடம்பின் காவல் என்று இவ்வளவு தெளிவாகக் காட்டிய இடம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

அன்று டாப்சோன் மாத்திரையை ஆண்டுக்கணக்கில், சிலர் ஆயுள் முழுக்கவும் விழுங்கினார்கள். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. இன்று ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதத்தில் குணம், அதுவும் இலவசமாக. 2005 இறுதியில் இந்திய அளவில் நோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே இறங்கியது. சுவர் எழுத்துகள் வெளிறின. தோலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும் தேர்ந்த கண்கள் ஓய்வு பெற்றன, அந்த இடங்கள் முன்போல் நிரப்பப்படவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் இந்தியாவில் இன்னும் கண்டறியப்படுகிறார்கள். உலகக் கணக்கில் பாதிக்கும் மேல் இது.

அதே மரப்பு இன்று வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அதனால் நரம்பு கெட்டவர்கள், பாதம் மதமதக்கிறது, பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது, செருப்பு கழன்றதே தெரியவில்லை என்கிறார்கள். சோதனைக்குப் பிளாஸ்டிக் கைப்பிடியில் பொருத்திய ஒரு நைலான் இழை போதும். பெருவிரலின் அடியிலும் முன்பாதத்திலும் வைத்து, அது வில்லாக வளையும்வரை அழுத்துகிறார்கள். வளையும்போது பாதத்தில் ஏறும் அழுத்தம் 10 கிராம். "தெரியுதாம்மா?" என்கிறார் செவிலியர். கண்ணை மூடியிருப்பவர் தெரிகிறது என்று சொல்லாவிட்டால் அந்தப் பாதம் ஆபத்தில் இருக்கிறது. தொழுநோய் மருத்துவமனைகளிலும் இப்படிப்பட்ட இழைகள்தாம், அங்கே அணிந்த எம்.சி.ஆர். செருப்புதான் இங்கேயும்.

மாறியிருப்பது நம் மனம். அன்று தேமலை ஒளித்தார்கள். இன்று சர்க்கரையை யாரும் ஒளிப்பதில்லை, கல்யாணப் பந்தியிலேயே "உங்களுக்கு எவ்வளவு இருக்கு?" என்று விசாரிக்கிறோம். அவமானம் விலகியது பெரிய லாபம். ஆனால் அன்று அந்தப் பணியாளர் வீடு தேடி வந்து காட்டிய அக்கறையோடு இன்று பாதத்தைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. ரத்தத்தில் எண்ணைப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறார்கள். வெயிலேறிய கோயில் பிரகாரத்தைச் சுற்றிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகே கொப்புளத்தைக் காண்பவர்கள் இருக்கிறார்கள். விரலையோ காலையோ எடுக்க வேண்டியதாகிவிடும் கதைகள் பல இப்படித்தான் தொடங்குகின்றன.

சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்த இழைச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். இரவு படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்கு வீட்டில் இருப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.