உஷார்! ராத்திரி குடிக்கிற தண்ணீர் பகலுக்கு உதவாது

சிங்கப்பூரின் கேலாங் லோரோங்குகளில் அறை எடுத்துத் தங்கி, விடியுமுன் லாரி ஏறுகிற தம்பிகளே, இது உங்களுக்குத்தான். பகலெல்லாம் நாக்கு வறள வேலை பார்த்துவிட்டு, ராத்திரி ஒரே மூச்சில் இரண்டு லிட்டரை உள்ளே தள்ளினால் கணக்குச் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அந்த நினைப்பு ஆளையே சாய்த்துவிடும்.

'ஒரு நாளைக்கு எட்டு கிளாஸ்' என்பது வெயிலில் கம்பி கட்டுகிறவருக்குச் சொன்ன கணக்கே அல்ல. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் வெயில் 37 டிகிரியைத் தொட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் மனிதவள அமைச்சு கொண்டுவந்த ஏற்பாட்டின்படி மணிக்கொரு தடவை தண்ணீர் குடிக்க வேண்டும். மணிக்கு 300 மில்லிலிட்டராவது குடிப்பது நல்லது. எட்டு மணி நேர வேலைக்கு மட்டும் அது 2.4 லிட்டர்! வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்து அளக்கும் டபிள்யூபிஜிடி 32 டிகிரிக்கு ஏறினால், கடும் உடலுழைப்புக்கு மணிக்குப் பத்து நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். சூப்பர்வைசர் போடும் பிச்சை அல்ல அது. கேட்டு வாங்குங்கள்.

கழிப்பறை தூரம் என்று குடிக்காமலே இருக்கிறீர்களா? சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் உடம்பு ஏற்கெனவே காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சிறுநீரகக் கல்லுக்கு வழியும் அதுதான்.

அதற்காக மொத்தமாகக் குடிப்பதும் ஆபத்து. சிறுநீரகத்தால் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர்தான் வெளியேற்ற முடியும். அதற்கு மேல் போனால் ரத்தத்தில் உப்புச்சத்து குறைந்து மூளை வீங்கக்கூடும். 2002 பாஸ்டன் மராத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு உப்பு குறைந்திருந்தது. மூன்று லிட்டருக்கு மேல் குடித்தவர்களிடம் அது அதிகம். சிறுநீரக, இதய நோயாளிகள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டவே கூடாது.

கோப்பிக்கடையில் டின் பானம் வாங்குமுன் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள். 'டி' என்றால் சர்க்கரை தாறுமாறு. பீர் உடம்பிலிருக்கும் நீரையும் சேர்த்து வெளியேற்றும். இந்த ஊரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு அழ வேண்டியதில்லை.

வேலையிடத்தில் யாராவது வெயில் தாக்கி உளறினால், தள்ளாடினால், 'கொஞ்சம் உட்காரட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். உடனே 995-ஐ அழையுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.