கார்டு புதுசு, கேம் ஏன் திணறுகிறது?

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன் நான். என் மேசைக்கு வரும் கேஸ்களில் என்னை மிகவும் வருத்துவது ஒரு வகைதான். பகுதிநேர வேலை பார்த்து, வீட்டிலும் கேட்டு, பணம் சேர்த்து ஒரு பையன் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டியிருப்பான். கேம் மட்டும் பழையபடியே திக்கித் திணறி ஓடும். "டூப்ளிகேட் கார்டைத் தலையில கட்டிட்டாங்களாண்ணா?" என்று கேட்பான். பெரும்பாலும் கார்டில் ஒரு குறையும் இருக்காது. அதைச் சுற்றியிருப்பதில்தான் கோளாறு இருக்கும்.

பைசா செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள். மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ துளையில் இருந்தால், பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸே கேமை ஓட்டிக்கொண்டிருக்கலாம். கேபிளைக் கார்டில் செருகுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்கள் விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்து பாருங்கள். அது 60-லேயே நின்றிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கோ, அங்கிருந்து இங்கோ மாறியிருந்தால் பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்குவது அவசியம். டிடியூ என்ற இலவச மென்பொருளை சேஃப் மோடில் ஓட்டி நீக்கிவிட்டு, புது டிரைவரைப் போடுங்கள்.

இவை சரியாக இருந்தும் திணறினால், அடுத்து அளந்து பார்க்க வேண்டும். விண்டோஸ் விசையோடு ஜி எழுத்தை அழுத்தினால் கேம் பார் திறக்கும். அதிலுள்ள பெர்ஃபார்மன்ஸ் பெட்டியைப் பின் செய்துவிட்டால், விளையாடும்போதே சிபியூ, ஜிபியூ, ரேம் எத்தனை சதவீதம் உழைக்கின்றன என்று திரையின் ஓரத்தில் தெரியும்.

அண்மையில் ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த கம்ப்யூட்டரைச் சொல்கிறேன். 2017-இல் வந்த கோர் ஐ5-7400 பிராசஸர், 8 ஜிபி ரேம் ஒரே குச்சி, புதிதாக ஆர்எக்ஸ் 6600 கார்டு. கேமில் கூட்டம் நிறைந்த கடைவீதிக்குள் போனதும் சிபியூ 100 சதவீதத்தைத் தொட்டது. ஜிபியூவோ 45 பக்கம் சும்மா நின்றது. கார்டை விற்றுவிட்டு இதைவிடப் பெரிய கார்டு வாங்கும் யோசனையில் இருந்தார் அவர். வாங்கியிருந்தால் அந்தப் பணமும் வீண்.

காரணம் இதுதான். ஒவ்வொரு காட்சிக்கும் யார் எங்கே நகர்கிறார், எது எதில் மோதுகிறது என்று முதலில் கணக்குப் போடுவது பிராசஸர். அது எதை வரையச் சொல்கிறதோ அதைத்தான் கார்டு வரையும். நொடிக்கு 60 காட்சி வேண்டுமென்றால் ஒரு காட்சிக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடி. பிராசஸர் 25 மில்லி நொடி எடுத்துக்கொண்டால், எந்தக் கார்டு போட்டாலும் 40-ஐத் தாண்டாது. காய் நறுக்குபவர் தாமதித்தால் எப்பேர்ப்பட்ட மாஸ்டராலும் பந்தியை நேரத்துக்குப் போட முடியாது.

இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்குக் குறையுங்கள். எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு வரும் காட்சிகளின் எண்ணிக்கை, ஏறினால் கார்டுதான் முழுமூச்சாக உழைக்கிறது என்று அர்த்தம். ஏறாமல் அப்படியே நின்றால் பிராசஸரோ ரேமோதான் இழுத்துப் பிடிக்கிறது. அந்த மாணவருக்கு ஏறவில்லை. அதே போர்டில் உட்காரும் பழைய ஐ7-7700 ஒன்றும், ரேமில் இன்னொரு 8 ஜிபி குச்சியும் போட்டோம். கோர் அதே நான்குதான், ஆனால் த்ரெட் எட்டாகிவிட்டது. இரண்டு குச்சிகளும் டூயல் சேனலில் சேர்ந்து ஓடின. அதே கடைவீதியில் திக்கல் போய்விட்டது.

ரேமில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 3200 வேகம் என்று அட்டையில் போட்ட டிடிஆர்4 ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற செட்டிங்கை ஆன் செய்யாதவரை பல போர்டுகளில் 2133-இலோ 2400-இலோதான் ஓடும்.

கார்டை மாட்டிய இடமும் முக்கியம். மேலே பிராசஸரை ஒட்டியிருக்கும் நீள ஸ்லாட்தான் பெரும்பாலான போர்டுகளில் முழு வேகம் உள்ளது. கீழே அதே நீளத்தில் இருப்பதில் பலசமயம் நான்கு லேன்தான், அதாவது தரவு போகும் நான்கு பாதைதான், வேலைசெய்யும். சில கார்டுகளுக்கு லேனே குறைவு. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு நான்கு லேன்தான். பிசிஐஇ 4.0 போர்டில் நொடிக்கு சுமார் 8 ஜிபி கடத்தும் அது, பழைய 3.0 போர்டில் 4 ஜிபிதான் கடத்தும். கார்டிலுள்ள மெமரியும் 4 ஜிபிதான் என்பதால், அது நிரம்பி வழியும் கேம்களில் திக்கல் கண்ணுக்கே தெரியும்.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் துணிச்சல் வேண்டாம். ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட், ஓர் 8 பின் கனெக்டர் 150 வாட். கார்டில் இரண்டு கனெக்டர் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனி வயராக இழுங்கள். கேம் ஓடும்போது கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு வேகம் இறங்கினால் சூட்டைப் பாருங்கள். கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவைத்து ஓட்டும்போது சரியானால், காற்றோட்டம்தான் பிரச்சினை.

கார்டு வாங்கக் கடைக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். பிராசஸரின் பெயர், மதர்போர்டு மாடல், ரேம் எத்தனை குச்சி, எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இந்த நான்கையும் கேட்காமல் கார்டை எடுத்து நீட்டும் கடையில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.