பதினாறும் தயாரா?

ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, அதன் வாயில் ஒரு வெங்காயத்தை அடிப்பக்கம் நனையும்படி உட்கார வையுங்கள். மூன்று நாளில் வெள்ளை வெளேரென்று வேர் விட்டிருக்கும். அந்த வேர் நுனியில்தான், ஊசிமுனை அளவு இடத்தில், செல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கின்றன.

வெங்காயச் செல் ஒன்றில் 16 குரோமோசோம்கள். பிரிவதற்கு முன்பே செல், ஒவ்வொரு குரோமோசோமுக்கும் அச்சு அசலாக ஒரு படி எடுத்துவிடும். அசலும் நகலும் பிரியாமல் இருக்க, கோஹெசின் என்ற புரதம் வளையம்போல் பூட்டி வைத்திருக்கும். அப்புறம் செல்லின் இரு முனைகளிலிருந்தும் நுண்ணிய இழைகள் நீளும். ஒவ்வொரு ஜோடியின் இடுப்பையும் இந்தப் பக்கம் ஓர் இழை, அந்தப் பக்கம் ஓர் இழை என்று பிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் துழாவித்தான் பிடிக்கின்றன. சில சமயம் இரண்டு இழையும் ஒரே பக்கத்திலிருந்து வந்து பிடித்துவிடும். அது தப்பு என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கம் ஆள் இல்லாவிட்டால் கயிறு தொய்ந்துதானே கிடக்கும்? தொய்வாக இருக்கும் பிடியைச் செல் அவிழ்த்துவிடும். இழைகள் மறுபடி துழாவும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். பதினைந்து ஜோடி சரியாக மாட்டிக்கொண்டு, ஒன்றே ஒன்று பாக்கி என்று வையுங்கள். அந்த ஒன்று 'இன்னும் இல்லை, இன்னும் இல்லை' என்று சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். அதற்காக மற்ற அத்தனையும் காத்து நிற்கும்! அவசரப்பட்டால் ஒரு செல்லுக்கு 17, மற்றதற்கு 15 என்று ஆகிவிடுமே.

கடைசி ஜோடியும் மாட்டியதும் சேதி நிற்கும். உடனே செப்பரேஸ் என்ற நொதி கத்தரிக்கோல் மாதிரி வளையங்களை வெட்டும். எல்லா ஜோடிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விலகும். ஈரத் துண்டை நடுவில் பிடித்துத் தூக்கினால் இரு முனைகளும் தொங்குமே, அப்படி இடுப்பு முன்னே போக, கைகள் பின்னால் இழுபட்டு வரும். பள்ளி நுண்ணோக்கியில், சாயம் ஏற்றிய வேர் நுனியில் இதை நீங்களே பார்க்கலாம்.

இந்த இழைகளை உருவாகவே விடாத ஒரு பொருள் நம் மாநில மலரான செங்காந்தளில் இருக்கிறது. அதன் பெயர் கோல்ச்சிசின். செங்காந்தளை நம் ஊரில் கண்வலிக் கிழங்கு என்று பயிரிட்டு, விதையை மருந்துக்காக விற்கிறார்கள். (செடி முழுக்க விஷம், வாயில் வைத்துவிடாதீர்கள்!) கோல்ச்சிசின் பட்ட செல்லில் இழுக்க இழை இல்லாததால், குரோமோசோம்கள் பிரியாமல் அப்படியே நிற்கும். எண்ணிப் பார்க்க அதைவிட நல்ல நேரம் உண்டா? மனிதச் செல்லில் 48 குரோமோசோம்கள் என்று முப்பது வருடத்துக்கு மேல் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1955 டிசம்பரில், ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் தியோ என்பவர் கோல்ச்சிசினால் செல்களை நிறுத்திவைத்து எண்ணினார். 46தான் இருந்தது.