மேல் விளிம்பில் இருந்த சிரிப்பு

‘தி சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூன் தொடரில் 1993-இல் வந்த ஒரு காட்சி. பீர் ஆலையில் மூன்று பெரிய தொட்டிகள் நிற்கின்றன: டஃப், டஃப் லைட், டஃப் டிரை. பெயர்தான் மூன்று; அண்ணாந்து பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாயிலிருந்துதான் பீர் இறங்குகிறது. யாரும் வாய்விட்டுச் சொல்லாத நகைச்சுவையை அந்தக் குழாயே சொல்லிவிடுகிறது. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் ஓடிடி தளத்தில் இந்தத் தொடர் வந்தபோது குழாயைக் காணோம். 4:3 அளவில் வரைந்த படத்தை 16:9 அகலத் திரையில் நிரப்புவதற்காக, உயரத்தில் கால்வாசியை நறுக்கியிருந்தார்கள். மிஞ்சியவை மூன்று தொட்டிகள். சிரிக்க அதில் ஒன்றுமில்லை. ரசிகர்கள் விடாமல் குரல் கொடுத்த பிறகு, 2020 மே மாதம் பழைய அளவிலேயே பார்க்க வழி செய்தார்கள்.

எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் பால் பால்தானே என்று கேட்கலாம். கார்ட்டூனுக்கு அது பொருந்தாது. கேமராவில் எடுத்த படத்தில் ஓரத்து மரம் தற்செயலாக விழுந்திருக்கலாம். கார்ட்டூனில் யாராவது வரைந்தால்தான் மரம் உண்டு. வெட்டினால் மட்டுமல்ல, படத்தைச் சிறிதாக்கினாலும் வரைந்தது தொலையும். 2005 அக்டோபரில் ஐடியூன்ஸ் கடை ஓர் அத்தியாயம் 1.99 டாலர் என்று தொலைக்காட்சித் தொடர்களை விற்கத் தொடங்கியது. அந்தக் கோப்புகளின் அளவு 320×240 பிக்சல். பின்னணியில் ஒரு கடைப் பலகை இருந்தால், அதன் எழுத்துக்கு நாலைந்து பிக்சல்தான் மிஞ்சும். படத்தை நிறுத்திப் படிக்கட்டும் என்றே எழுதிய வேடிக்கை வாசகம் அங்கே வெறும் கறையாகிவிடும். கோப்பைச் சுருக்கும் முறையும் சும்மா இருப்பதில்லை. அது படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, மாறுகிற பகுதிகளையே பெரும்பாலும் சேமிக்கிறது. அசையாத பின்னணிக்கு இது அருமையான ஏற்பாடு. அளவுக்கு மீறிச் சுருக்கினால் மைக்கோட்டின் ஓரம் பிசிறடிக்கும், சீராக நிறம் மாறும் வானம் பட்டை பட்டையாகும்.

நகைச்சுவையைத் தாங்குவது வசனமும் குரலும்தான், விளிம்பை யார் பார்க்கிறார்கள் என்பார்கள். பெரும்பாலான காட்சிகளுக்கு அது சரி, குழாய்க் காட்சிக்குச் சரியில்லை. பழைய அளவில் காட்டும்போது பக்கவாட்டில் கறுப்புப் பட்டை தெரிந்தால் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்காது என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ‘சவுத் பார்க்’ கார்ட்டூன் தொடரின் குழுவினர் அதற்கு உழைப்பால் பதில் சொன்னார்கள்: கணினியில் உருவான பழைய அத்தியாயங்களை, வெட்டாமல், அகலத் திரைக்கென்றே மறுபடி உருவாக்கினார்கள். ‘சிம்ப்ஸன்ஸ்’ தொடரின் தொடக்கக் காலப் படங்களோ ஒளிபுகும் தாளில் கையால் வண்ணம் தீட்டிப் படம்பிடித்தவை. அந்த 4:3 சட்டத்துக்கு வெளியே எவரும் எதையும் தீட்டி வைக்கவில்லை. அங்கே கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.