அரிசி வண்டும் அயல்நாட்டு அறிவும்

அரிசித் தகரத்தைத் திறந்தவுடன் கரும்பழுப்பு நிற வண்டொன்று விளிம்பில் ஊர்ந்து செல்வதைக் காணாதவர் நம்மில் எவரும் இலர். அம்மா உடனே முறத்தை எடுத்துப் புடைப்பார். அரிசியை வெயிலில் பரப்புவார். பாட்டிமார் தகரத்தினுள் காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ போட்டு வைப்பர். லயத்து வீடுகளில் வாழ்ந்த நாளிலும் இதுவே வழக்கம். அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பின்னரும் வண்டு நம்மை விட்டபாடில்லை. இச்சிறு பூச்சியின் பொருட்டு நாடுகள் பல ஒன்றுகூடிப் பேச வேண்டியிருந்தது என்றால் நம்புவீர்களா?

பெண் வண்டு தன் மூக்குப் போன்ற நீண்ட வாயால் அரிசி மணியில் துளையிட்டு, அதனுள் முட்டையொன்றை இட்டு, துளையைப் பசை போன்ற பொருளால் மூடிவிடுகிறது. புழு மணியினுள்ளேயே பிறந்து, அதனையே தின்று வளர்ந்து, வண்டாக வெளிவருகிறது. நம் நாட்டு வெப்பத்தில் இதற்கு ஏறத்தாழ ஐந்து வாரம் போதும். ஆகவே, புடைத்துத் தூய்மை செய்த அரிசியிலும் அது மறைந்திருக்கலாம். மூட்டை கப்பல் ஏறினால் அதுவும் ஏறும். அதனிடம் கடவுச்சீட்டு கேட்பார் இல்லை. நம் முன்னோர் தோட்டங்களில் உண்ட அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. இன்றும் தாய்லாந்து, வியட்நாம், பாகிஸ்தான், இந்தியா ஆகிய நாடுகளின் அரிசி நம் கடைகளில் விற்கப்படுகிறது.

கிடங்குகளில் இவ்வண்டைக் கொல்லப் பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவைப் பயன்படுத்துகின்றனர். (அதற்குரிய மாத்திரைகளை வீட்டில் ஒருபோதும் வைத்தல் ஆகாது, அவ்வாயு மனிதரையும் கொல்லும்.) கிடங்கைச் சரிவர மூடாமல் வாயுவைச் செலுத்தினால் வலிமை மிக்க வண்டுகள் சில பிழைத்துக்கொள்கின்றன. அவற்றின் சந்ததி அந்நஞ்சைத் தாங்கும் ஆற்றலோடு பிறக்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1972, 1973 ஆம் ஆண்டுகளில் உலகெங்கிலுமிருந்து தானியப் பூச்சிகளைத் திரட்டிச் சோதித்தது. சோதித்த பூச்சிக் கூட்டங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் இவ்வாற்றல் காணப்பட்டது. ஒரு நாட்டின் கிடங்கில் நேர்ந்த கவனக்குறைவு மறுநாட்டின் சோற்றைக் கெடுக்கக்கூடும் என்பது அப்போது வெளிப்படையாயிற்று. தன் கிடங்கில் கண்ட குறையை மறைக்கும் நாடு அண்டை நாட்டுக்குத் தீங்கு செய்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

குளிர்நாடுகளின் ஆய்வை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன? அது பலிக்காது. அங்குக் குளிர்ந்த வறண்ட காற்றைத் தானியத்தினூடே செலுத்தினால் பூச்சிகள் ஒடுங்கிவிடும். நம் நாட்டிலோ இரவுக் காற்றும் வெம்மையும் ஈரமும் உடையது. அதைச் செலுத்தினால் உலர்ந்த நெல்லும் ஈரமாகும். நெல்லைச் சில மாதம் வைத்திருக்க அதன் ஈரம் நூற்றுக்குப் பதினான்கு பங்கிற்கு மிகாதிருத்தல் வேண்டும். மழைக்கால அறுவடையில் இது எளிதன்று. கெடாவின் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் 1970 முதல் இருபோக விளைச்சல் கிடைத்தது. ஆனால், இரண்டாம் போகம் மழையில் நனைந்தே களத்திற்கு வந்தது. தமிழ்நாட்டிலும் இதே துன்பம்! தஞ்சைப் பகுதியின் குறுவை நெல் வடகிழக்குப் பருவமழையில் சிக்கியது. அதற்கு வழி காணவே 1967இல் திருவாரூரில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. ஈர நெல்லோடு உப்பும் உமியும் கலந்து முளைவிடாமல் காக்கும் முறையும் அங்கு ஆராயப்பட்டது. அது வளர்ந்து இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக விளங்குகிறது.

ஒரு வெப்ப நாட்டின் செல்வம் மற்றொரு வெப்ப நாட்டில் வேரூன்றும் என்பதற்குச் சான்று நம் ஊரிலேயே நிற்கிறது. பிரேசில் நாட்டு ரப்பர் விதைகள் 1876இல் இலண்டன் சென்று, கன்றுகளாகிச் சிங்கப்பூருக்கு வந்தன. 1877இல் அவற்றுள் ஒன்பது கோலா கங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று எனக் கூறப்படும் மரத்தை மாவட்ட அலுவலகத்தருகே காணலாம். பிரேசிலைக் கேட்டுப் பெற்றார்களா, கேளாமல் எடுத்தார்களா என்பது வேறு வழக்கு. தானிய ஆய்விலோ கேட்டும் கொடுத்தும் பெற்றதே மிகுதி.

1980களில் ஆஸ்திரேலிய அறிவியலார் இந்தோனீசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய நாடுகளின் ஆய்வாளரோடு சேர்ந்து ஒரு முறையைச் சோதித்தனர். அரிசி மூட்டைகளை நெகிழி விரிப்பின்மேல் அடுக்கி, மேலே மற்றொரு நெகிழி உறையைப் போர்த்தி, ஓரங்களை இடைவெளியின்றி ஒட்டி, உள்ளே கரிவளியைச் செலுத்தினர். பூச்சிகள் மடிந்தன, அரிசியில் நஞ்சு தங்கவில்லை, மூடியபடியே பல மாதம் வைத்திருக்கவும் முடிந்தது. எலி கடித்த ஒரு சிறு துளை போதும், எல்லாம் வீண். ஆதலால், உள்ளிருக்கும் காற்றைச் சற்று உறிஞ்சிவிட்டு, அழுத்தமானியின் அளவு எவ்வளவு விரைவில் மாறுகிறது என்று பார்த்த பின்னரே கரிவளியைச் செலுத்துவர். 1987 அக்டோபரில் கோலாலம்பூரில் கூடிய அனைத்துலகப் பட்டறையில், ஈர வெப்ப நாடுகளின் தானியச் சேமிப்பைப் பற்றிப் பலரும் தாம் கண்டவற்றை எடுத்துரைத்தனர்.

அறிவு ஏழை நாடுகளிலிருந்தும் பிறக்கும். 1980களின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டு உழவர் காராமணியைக் காக்க, ஒன்றினுள் ஒன்றாக மூன்று பைகளைப் பயன்படுத்தும் முறை உருவாயிற்று. உள்ளிரண்டும் தடித்த நெகிழி. வெளிப்பை கோணி போல நெய்தது. பையை நிரப்பி, காற்றை வெளியேற்றி, வாயை இறுகக் கட்டினால் பூச்சிகள் உள்ளிருக்கும் உயிர்வளியைத் தாமே மூச்சுவிட்டுத் தீர்த்து ஒடுங்கும். பின்னர் இது பல நாடுகளுக்கும் பரவியது. நம் முன்னோர் குதிரில் நெல்லை நிரப்பி வாயை மண்ணால் பூசியதும் இக்கருத்தின் சாயலே. ஆயினும் மண்சுவர் காற்றை முற்றும் தடுக்காது.

2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. சில வாரங்களில் நம் நாட்டுக் கடைகளில் உள்ளூர் வெள்ளை அரிசி கிடைப்பது அரிதாயிற்று. அந்நாளில் தகரத்து அரிசியில் வண்டு விழுந்த வீட்டாருக்கு அதன் இழப்பு நன்கு தெரிந்திருக்கும்.

மாணவச் செல்வங்களே, வண்டு விழுந்த அரிசி வீட்டில் இருந்தால் இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் அதைக் கழுத்துவரை நிரப்புங்கள். ஒன்றை இறுக மூடி, மூடியைச் சுற்றி மெழுகு பூசுங்கள். மற்றொன்றை மெல்லிய துணியால் கட்டுங்கள். முப்பது நாள் திறவாதீர்கள். பின்னர் இரண்டையும் வெள்ளைத்தாளில் கொட்டி, உயிருள்ள வண்டுகளை எண்ணிக் குறித்து, அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.